ரூல்ஸ் கம்மியா இருந்தா போதுமா? கதைக்காக விளையாடற குழுவுக்கு எந்த கேம்?

இன்னைக்குக் கேள்வி ரொம்ப நேரடியானது. நாலஞ்சு நண்பர்கள் இருக்கோம். எல்லாரும் வேலைக்குப் போறோம், மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமைதான் ஒத்து வருது. டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் ஆடணும். ஆனா சண்டைக் கணக்கு, ஹிட் பாயின்ட் இதுலெல்லாம் யாருக்கும் ஆர்வம் இல்ல, கதைதான் வேணும். எந்த கேம் எடுக்கலாம்?

முதல் தடவை கேக்கறவங்களுக்கு ஒரு வரி. மேசையைச் சுத்தி உக்காந்து, ஆளுக்கொரு கதாபாத்திரம் எடுத்துக்கிட்டு, பேசிப் பேசியே ஒரு கதையை நடத்தற விளையாட்டு இது. பெரும்பாலான கேம்ல ஒருத்தர் மட்டும் கேம் மாஸ்டர், சுருக்கமா ஜிஎம். மத்தவங்க ஆளுக்கு ஒரு பாத்திரம்னா, மிச்ச உலகம் மொத்தமும் அவர் தலையில.

எல்லாருக்கும் தெரிஞ்ச பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-ல வந்தது. 2014-ல வந்த ஐந்தாம் பதிப்போட பிளேயர்ஸ் ஹேண்ட்புக் மட்டுமே 300 பக்கத்துக்கு மேல. அதுல பெரும்பகுதி யாருக்கு என்ன சக்தி, எந்த மந்திரம் எவ்ளோ தூரம் பாயும், சண்டையில யார் முதல்ல அடிக்கணும், இதுதான். அதை நான் குறையா சொல்லல. ஒரு கேம் எதுக்கு அதிகமா ரூல்ஸ் எழுதியிருக்கோ, உங்க நேரமும் அங்கதான் போகும். அவ்ளோதான் விஷயம்.

இதைப் பார்த்து மிரண்டு போறவங்க நேரா எதிர்முனைக்கு ஓடுவாங்க: ஒரே பக்கத்துல முடியற கேம். அதுல ரொம்பப் பிரபலமானது ஜான் ஹார்ப்பர் 2013-ல வெளியிட்ட லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ். விண்வெளிக் கப்பல் கதை, இலவசம். உங்க கதாபாத்திரத்துக்கு ஒரே ஒரு எண், 2-லிருந்து 5-க்குள்ள நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அறிவியல், தர்க்கம்னு போனா டைஸ்ல உங்க எண்ணுக்குக் கீழ விழணும். உணர்ச்சி, பேச்சு, தைரியம்னு போனா மேல விழணும். எண் பெருசா இருந்தா மூளைக்காரர், சின்னதா இருந்தா மனசுக்காரர். சரியா அதே எண் விழுந்தா ஜிஎம்கிட்ட ஒரு கேள்வி கேக்கலாம், அவர் உண்மையைச் சொல்லணும். அழகான டிசைன், எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனா ஒரு டைஸ் மட்டும் ஜெயிச்சா என்ன ஆகும் தெரியுமா? காரியம் நடக்கும், கூடவே ஒரு சிக்கல் வரும். எதுவுமே ஜெயிக்கலன்னா நிலைமை இன்னும் மோசமாகும். என்ன சிக்கல், எப்படி மோசம்? அதை ஜிஎம் அந்த நொடியில யோசிச்சுச் சொல்லணும். இப்படியே மூணு மணி நேரம். ஆரம்பிக்க வில்லன் யாரு, அவனுக்கு என்ன வேணும்னு டைஸ் உருட்டி எடுக்க ஒரு பட்டியல் அந்தப் பக்கத்துலயே இருக்கு. அதுக்கப்புறம் சொந்தக் கற்பனைதான்.

நம்ம சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு டெஸ்லர் விதி ஞாபகம் வரும். லாரி டெஸ்லர் சொன்னது: ஒரு சிஸ்டத்துல இருக்கற சிக்கலை ஒரு அளவுக்கு மேல ஒழிக்க முடியாது, இடம் மாத்தத்தான் முடியும். கோட்ல இருந்து எடுத்தா யூசர் தலையில விழும். கேம்லயும் அதேதான். புத்தகத்துல இருந்து எடுத்த பாரம் மேசையில யாரோ ஒருத்தர் மேல இறங்குது. அது எப்பவும் ஒரே ஆளா இருந்தா, மூணாவது மாசம் "இந்த வாரம் முடியாதுடா, ஆபீஸ்ல வேலை"ன்னு குரூப்ல ஒரு மெசேஜ் வரும். ஒரு குழு அமைதியா கலைஞ்சு போறது இப்படித்தான். யாரும் சண்டை போட மாட்டாங்க, அடுத்த தேதி மட்டும் முடிவாகவே ஆகாது.

அதனால பக்கத்தை எண்ணாதீங்க. ஒரு விஷயம் கேளுங்க: கதை நின்னு போற இடத்துல, அடுத்த வாக்கியத்தை யார் சொல்லணும்னு இந்த கேம் எதிர்பார்க்குது?

இந்தக் கேள்விக்கு நான் பார்த்ததுலயே சிறந்த பதில் அலெக்ஸ் ராபர்ட்ஸ் எழுதின ஃபார் த குயீன், 2019. ஜிஎம் கிடையாது, டைஸ் கிடையாது, ஒரு கட்டு சீட்டு மட்டும். ஒரு ராணி, தூர தேசத்தோட கூட்டணி தேடிக் கிளம்பறா. அவ மேல அன்பு வெச்சவங்கன்னு தெரிஞ்சுதான் உங்களைக் கூட்டிட்டுப் போறா. முறை வரும்போது ஒரு சீட்டு எடுத்து, அதுல இருக்கற கேள்விக்குப் பதில் சொல்லணும். ராணி உங்களுக்கு என்ன துரோகம் பண்ணா, எதை அவளுக்குத் தெரியாம மறைச்சீங்கங்கற மாதிரி கேள்விகள். பதிலைக் கேட்டு மத்தவங்க துருவித் துருவிக் கேப்பாங்க. வேண்டாம்னா அந்தச் சீட்டைத் தள்ளிடலாம். கடைசிச் சீட்டுல ராணியை யாரோ தாக்கறாங்க. காப்பாத்துவீங்களா, மாட்டீங்களா? அவ்ளோதான் கேம்.

இதுல கவனிக்க வேண்டியது, வாயே திறக்காத நண்பருக்கும் முறை வருது. "உன் இஷ்டம், எது வேணா பண்ணலாம்"னு சொல்ற கேம்ல அந்த ஆள் மூணு மணி நேரமும் சிப்ஸ் சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவார். அதிகம் பேசறவன் கதையை இழுத்துட்டுப் போயிடுவான். கையில குறிப்பான ஒரு கேள்வி இருந்தா, கூச்சப்படறவங்களும் பேசிடுவாங்க. முதல் தடவை கூடறீங்கன்னா இதுதான் என் பதில், ரெண்டு மணி நேரம் போதும்.

அது பிடிச்சுப் போச்சுன்னா அடுத்தது ஃபியாஸ்கோ. ஜேசன் மார்னிங்ஸ்டார், 2009. பேராசைப்பட்ட சாதாரண ஆளுங்க போடற திட்டம் கண்ணு முன்னால சொதப்பற கதை. கோயன் சகோதரர்கள் படங்களோட பாணி. நம்மாளுங்களுக்குச் சொல்லணும்னா 'சூது கவ்வும்' மூடு. இதுலயும் ஜிஎம் இல்ல. உங்க முறையில ரெண்டுல ஒண்ணு: காட்சியை நீங்க அமைச்சா அது நல்லா முடியுமா கெட்டா முடியுமான்னு மத்தவங்க தீர்மானிப்பாங்க. அவங்க அமைச்சா முடிவு உங்க கையில. ரெண்டும் ஒரே ஆள்கிட்ட சேராது. பாரத்தைப் பங்கு போடறதுன்னா இதுதான்.

திகில் வேணும்னா ட்ரெட் இருக்கு, டைஸுக்குப் பதிலா ஜெங்கா கோபுரம். உருவினவர் கையில அது சரிஞ்சா அவர் பாத்திரம் காலி. ஒரு ராத்திரிக்கு அட்டகாசம், மாசாமாசம் ஆடற கேம் இல்ல.

பல மாசம் ஓடற தொடர்கதைதான் வேணும்னா ஜிஎம் இருக்கறதுதான் வசதி. அப்போ ஃபேட் ஆக்சிலரேட்டட், 2013, சுமார் 50 பக்கம். வலிமை, புத்தின்னு மார்க் போடறதுக்குப் பதிலா கவனமா, பந்தாவா, முரட்டுத்தனமா, திருட்டுத்தனமான்னு எந்த விதத்துல செய்யறீங்கங்கறதுக்கு எண் தருது. கூடவே உங்க பாத்திரத்தைப் பத்தி சில வாக்கியங்கள் எழுதணும். "அக்கா சொன்னா மறுக்கத் தெரியாதவன்"னு எழுதினீங்கன்னா, தப்பான நேரத்துல அக்கா ஃபோன் பண்றாங்கன்னு ஜிஎம் சிக்கலைக் கிளப்பலாம். ஒத்துக்கிட்டா உங்களுக்கு ஒரு ஃபேட் பாயின்ட், மறுத்தா உங்ககிட்ட இருந்து ஒண்ணு போகும். சிக்கலுக்கான விதையை வீரர்களே எழுதித் தந்துடறாங்க, ஜிஎம் சூனியத்துல இருந்து யோசிக்க வேண்டாம்.

எந்த கேம் எடுத்தாலும் ஒரு அட்டையில எக்ஸ் குறி போட்டு மேசை நடுவுல வைங்க. கதை யாருக்காவது சங்கடமான இடத்துக்குப் போனா அதைத் தொட்டா போதும், காரணம் கேக்காம அந்தப் பகுதியை விட்டுடணும். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் பரப்பின பழக்கம் இது. எல்லாமே அந்த நொடியில பிறக்கற கதைக்கு இது ரொம்ப அவசியம்.

அப்புறம் மொழி. புத்தகம் இங்கிலீஷ்ல இருக்குங்கறதுக்காக இங்கிலீஷ்ல ஆட வேண்டாம். ரூல்ஸ் சின்னதா இருக்கறதோட பெரிய லாபமே, படிச்ச ஒருத்தர் பத்து நிமிஷத்துல தமிழ்ல சொல்லிடலாம். ஃபியாஸ்கோவுல உறவு, தேவை, இடம், பொருள்னு நாலு பட்டியல்தான் கதைக்களம், நீங்களே எழுதலாம். ஒரு கல்யாண மண்டபம், முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி, காணாம போன மொய் நோட்டு, பேசிக்காத ரெண்டு சித்தப்பா. எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல ஆடிப் பார்ப்போம்.