குழாய்த் தண்ணீரின் சுவை: குறை எங்கே இருக்கிறது?



சென்ற திருவிழாவின் வரவு செலவுக் கணக்கைப் பார்க்க அமர்ந்த நிர்வாகக் கூட்டத்தில், நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு விஷயம் பேச்சுக்கு வந்தது. அன்னதானக் கூடத்தில் கொடுத்த தண்ணீரில் ஒருவித மருந்து வாடை வீசியதாகவும், தேநீரில் அது இன்னும் தூக்கலாக இருந்ததாகவும் பலர் குறைப்பட்டுக்கொண்டார்களாம். சோறும் சாம்பாரும் வயிறாரச் சாப்பிட்டவர்கள் தண்ணீரை மட்டும் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டு வந்ததை நானே கண்டேன். அன்னமிட்ட இடத்தில் வாய் கொப்பளிக்கவும் மனமில்லாத தண்ணீர் என்றால் நிர்வாகத்துக்கு அது வெட்கம்தானே!

அதே கூட்டத்தில் ஒரு நல்ல செய்தியும் வந்தது. அன்பர் ஒருவர் தம் தாயாரின் நினைவாக நீர் வடிகட்டும் கருவி ஒன்றை வாங்கித் தர முன்வந்திருந்தார். விலை 4,800 ரிங்கிட். விற்பனையாளர் நேரில் வந்து விளக்கிக் காட்டுவார் என்றார்கள்.

வந்தவர் மேசை மீது இரண்டு கண்ணாடிக் குவளைகளை வைத்தார். ஒன்றில் நம் ஆலயக் குழாய்த் தண்ணீர். மற்றதில் அவருடைய கருவி வடித்த தண்ணீர். உலோகக் கம்பிகள் பொருத்திய ஒரு சிறிய பெட்டியை இரண்டிலும் இறக்கி மின்சாரத்தைப் பாய்ச்சினார். சிறிது நேரத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பேறி, சேற்று நிறமாகி, மேலே கசடும் நுரையும் திரண்டன. வடித்த தண்ணீர் அப்படியே பளிங்காக இருந்தது. “ஐயா, இதைத்தான் இத்தனை நாளும் பக்தர்களுக்குக் கொடுத்து வந்திருக்கிறீர்கள்” என்றார். கூட்டத்தில் இருந்த பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். காசோலைப் புத்தகமும் வெளியே வந்துவிட்டது.

பல்லாண்டுகள் வகுப்பறையில் அறிவியல் பாடம் நடத்திய பழக்கம் அடியேனைச் சும்மா இருக்க விடவில்லை. மடைப்பள்ளியிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு வரவழைத்து, அவர் கொண்டுவந்த அதே சுத்தமான தண்ணீரில் போட்டுக் கலக்கி, “இதிலும் ஒரு முறை செய்து காட்டுங்கள் தம்பி” என்றேன். தயங்கினார், பிறகு செய்தார். அதுவும் சேறாயிற்று.

காரணம் எளியது. அந்தக் கசடு தண்ணீரில் இருந்ததன்று. கம்பியில் இருந்து வந்தது. மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து துருவாகத் தண்ணீரில் கலக்கிறது. குழாய்த் தண்ணீரில் இயற்கையான தாது உப்புகள் கரைந்திருப்பதால் அதில் மின்சாரம் பாய்கிறது. அவருடைய கருவி அந்த உப்புகளையெல்லாம் நீக்கிவிடுவதால் மின்சாரம் பாய வழியில்லை, கம்பியும் கரையவில்லை. தண்ணீரில் உப்பு இருப்பதே அழுக்கு என்றால் நாம் வைக்கும் ரசமும் அழுக்குத்தான். அந்தத் தம்பி தெரிந்தே செய்தாரா, தமக்குக் கற்றுக்கொடுத்ததை நம்பிச் செய்தாரா என்று அறியேன். அந்தக் கருவி உதவாத கருவி என்றும் சொல்ல வரவில்லை. அதைக் கொண்டு தண்ணீர் அழுக்கு என்று மெய்ப்பிக்க முடியாது என்பதுதான் விஷயம்.

ஆனால் வாடை பொய்யில்லையே! அதற்குக் காரணம் தேட வேண்டியதாயிற்று.

நம் போர்ட்டிக்சன் மாவட்டத்துக்கு லிங்கி ஆறு முக்கியமான நீராதாரம். ஆற்றுநீர் நேராகக் குழாய்க்கு வந்துவிடுவதில்லை. சுத்திகரிப்பு நிலையத்தில் படிகார வகை மருந்தைக் கலந்து கலங்கலைத் திரட்டிக் கீழே படிய வைக்கிறார்கள். நம் முன்னோர் மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளிய வைத்தது இதே தத்துவம்தான். பிறகு மணல் படுகையில் வடித்து, கடைசியாகக் குளோரின் சேர்த்து அனுப்புகிறார்கள். கிருமிகளைக் கொல்வதோடு, பல மைல் குழாயில் வரும் வழியெல்லாம் காவல் இருப்பதும் குளோரினின் வேலை. ஆகவே வீட்டுக் குழாய்க்கு வரும்போதும் சிறிது மிச்சம் இருந்தாக வேண்டும். நம் நாட்டின் குடிநீர்த் தரக் கட்டளைப்படி ஒரு லிட்டருக்கு 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை இருக்கலாம். மூக்கும் நாக்கும் கூர்மையானவர்கள் 0.3 மில்லிகிராம் அளவிலேயே குளோரினை உணர்ந்துவிடுவார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதாவது, தண்ணீர் சரியாக இருக்கும் நாளிலும் சிலருக்கு வாடை தெரியத்தான் செய்யும்.

சுவையும் சுத்தமும் வெவ்வேறு என்பதை விளக்க மாணவர்களுக்கு நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. கதையன்று, நடந்தது. 1854-இல் லண்டன் மாநகரின் பிராட் தெரு வட்டாரத்தில் காலரா கொத்துக் கொத்தாக உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் வீடு வீடாக விசாரித்து, அத்தெருவில் இருந்த ஒரு கைப்பம்புக் கிணறே காரணம் என்று கண்டறிந்தார். ஆனால் அங்கிருந்து பல மைல் தள்ளி, காலராவே இல்லாத ஹேம்ஸ்டெட் என்ற மேட்டுப் பகுதியில் ஒரு விதவைப் பெண்மணி காலராவால் இறந்திருந்தார். எப்படி? அவர் முன்பு பிராட் தெருவில் வாழ்ந்தவர். அந்தக் கிணற்று நீரின் சுவை அவருக்கு மிகவும் பிடிக்கும். வேறு ஊருக்குப் போன பிறகும் அந்தத் தண்ணீரையே பாட்டிலில் நிரப்பி வண்டியில் தருவித்துக் குடித்து வந்தார். அவரைப் பார்க்க வந்து அதே தண்ணீரைக் குடித்த உறவுப் பெண்ணும் மாண்டுபோனார். சுவைக்காகத் தேடிப் பெற்ற தண்ணீர்!

குளோரின் வந்தது அதற்குப் பிந்திய காலத்தில்தான். 1905-இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் டைபாய்டு காய்ச்சல் பரவியபோது குடிநீரில் அதைத் தொடர்ந்து கலந்தார்கள். 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் அதையே நிரந்தர ஏற்பாடாக்கியது. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த நம்மில் மூத்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. கிணற்று நீரும் ஆற்று நீரும் இனித்தன என்று இன்றும் பேசுகிறோம். மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வீட்டுக்கு வீடு வந்ததை மறந்துவிடுகிறோம். தொழிலாளர் குடியிருப்புகளுக்கு முதலாளிமார் போதுமான குழாய் நீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம் சொல்வது சும்மா அன்று.

சரி, நம் அன்னதானக் கூடத்து விஷயத்துக்கு வருவோம். வாடை எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். இதை நீங்களும் வீட்டில் செய்யலாம். மலேசிய வீடுகளில் சமையலறைக் குழாய் பெரும்பாலும் தெருக் குழாயிலிருந்து நேராக வரும். குளியலறைக் குழாய்களுக்கு மேல் தொட்டியிலிருந்து வரும். இரண்டிலும் ஒரு மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் பாதி அளவு பிடித்து, மூடிக் குலுக்கி, திறந்தவுடன் முகர்ந்து பாருங்கள். நேர்க்குழாயில் இல்லாத வாடை தொட்டி நீரில் இருந்தால் குறை உங்கள் தொட்டியில். நேர்க்குழாயிலேயே இருந்தால், காலையில் முதலில் வரும் நீரையும் சில நிமிடம் திறந்துவிட்ட பின் வரும் நீரையும் ஒப்பிடுங்கள். முதல் நீரில் மட்டும் இரும்பு ருசியோ செம்மையோ இருந்தால் அது வீட்டுக்குள் இருக்கும் பழைய இரும்புக் குழாயில் இரவெல்லாம் தங்கிய நீர். அதைச் செடிக்கு ஊற்றிவிட்டு அடுத்து வருவதைக் குடிக்கப் பிடிக்கலாம். எவ்வளவு நேரம் விட்டாலும் மாறாமல், அக்கம்பக்கத்து வீடுகளிலும் அப்படியே இருந்தால்தான் அது நீர் விநியோக நிறுவனத்திடம் புகார் செய்ய வேண்டிய விஷயம். நம் மாநிலத்தில் அது சைன்ஸ் நிறுவனம். புகார் செய்யும்போது நாள், நேரம், வாடையின் தன்மை மூன்றையும் எழுதிக் கொடுங்கள். ‘தண்ணீர் சரியில்லை’ என்று மட்டும் சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

வாடையின் தன்மை முக்கியம். நீச்சல் குளத்து வாடை என்றால் குளோரின். மழை பெய்த மண் வாடை என்றால் ஆற்றிலும் அணையிலும் வளரும் ஒருவகைப் பாசியின் வேலை. அணுவளவு இருந்தாலும் மூக்குக்குத் தெரியும், உடம்புக்குக் கேடில்லை. தேநீர் ஊற்றியதும் மைபோல் கறுத்தால் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. கிணற்று நீர் பயன்படுத்துவோர் இதைப் பார்த்திருப்பார்கள்.

எங்கள் கூடத்தில் வீசியது இவற்றில் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரி வாடை. குழாயடியில் பிடித்த நீரில் அது இல்லை, அண்டாவில் இருந்த நீரில் இருந்தது. நடுவில் இருப்பது என்ன? குழாயிலிருந்து அண்டாவுக்குத் தண்ணீர் விடும் பச்சை நிற ரப்பர்க் குழாய்! தோட்டத்துச் செடிகளுக்கு நீர் பாய்ச்ச விற்பது. வெயிலில் கிடந்த அதில் ரப்பர், பிளாஸ்டிக் சம்பந்தப்பட்ட சில இரசாயனங்கள் ஊறி, குளோரினோடு சேர்ந்து அந்த வாடையை உண்டாக்கின. கொதிக்க வைத்தால் அது இன்னும் தூக்கலாகும். அதனால்தான் தேநீரில் அதிகம் தெரிந்தது. ‘இரண்டு வருஷமாக இந்தக் குழாயைத்தானே பிடிக்கிறேன்’ என்று சமையல் பார்க்கும் அம்மா கலங்கிப்போனார். அவர் மீது என்ன தவறு? உணவுக்கு உகந்த குழாய் என்று தனியாக விற்கிறது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

மேல் தொட்டியையும் அன்றே ஏறிப் பார்த்தோம். மூடி விரிசல் விட்டு, அடியில் விரல் கனத்துக்கு வண்டல். அதைப் பற்றி அதிகம் எழுதக் கூசுகிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது தொட்டியைக் கழுவ வேண்டும் என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

இனி வடிகட்டி வாங்க நினைப்போருக்கு ஒரு சொல். குளோரின் வாடையை நீக்குவதில் கரி வடிகட்டி சிறந்தது. ஆனால் அதை எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வீட்டு வாசலில், மீட்டருக்குப் பக்கத்திலேயே கரி வடிகட்டியை மாட்டினால், காவலாளியான குளோரினை வாசலிலேயே திருப்பி அனுப்பியதாகும். அதற்குப் பின் மேல் தொட்டியில் நாள்கணக்கில் தங்கும் நீருக்குக் காவல் இல்லை. தொட்டிச் சுவரில் வழுவழுப்பாகப் பாசி பிடிக்கும். வாசலில் மணல் வடிகட்டி மட்டும் போதும், அதையும் அவ்வப்போது எதிர்த்திசையில் நீர் விட்டுக் கழுவ வேண்டும். கரி வடிகட்டி இருக்க வேண்டிய இடம் சமையலறைக் குழாய். உள்ளே இருக்கும் கரிக்குழலைக் குறித்த காலத்தில் மாற்றாவிட்டால் அதுவே கிருமிகளுக்குக் குடியிருப்பாகிவிடும். மாற்றாத வடிகட்டியைவிட வடிகட்டி இல்லாத குழாய் மேல்.

செலவில்லாத வழிகளும் உண்டு. குடிநீரை ஒரு பாத்திரத்தில் பிடித்து இரவு முழுவதும் வைத்தால் குளோரின் ஓரளவு ஆவியாகிவிடும். மெல்லிய துணியால் வாயைக் கட்டி வையுங்கள். ஏடிஸ் கொசுவுக்குத் தெளிந்த நீர் என்றால் கொண்டாட்டம், டிங்கிக் காய்ச்சலை நாமே வரவழைத்துக்கொள்ளக் கூடாது. காய்ச்சி ஆற வைத்த நீர் சப்பென்று இருப்பது அதில் கரைந்திருந்த காற்று வெளியேறிவிடுவதால். தேத்தாரே ஆற்றுவதுபோல் இரண்டு பாத்திரங்களுக்கு இடையே நாலைந்து முறை ஆற்றிப் பாருங்கள், உயிர் திரும்பிவிடும். எலுமிச்சைச் சாறு கலந்தாலும் குளோரின் வாடை குறையும். எலுமிச்சையில் உள்ள உயிர்ச்சத்து ‘சி’ அதை முறித்துவிடுகிறது. தண்ணீர்ப் பந்தலில் தரும் பானகத்தை யாரும் எந்த ஊரிலும் வாடையடிக்கிறது என்று சொல்லாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மண்பானை நல்லதுதான். ஆயினும் மதுரை வெயிலில் குளிர்வதுபோல் லுக்குட்டில் குளிராது. பானையின் வெளிப்புறம் கசியும் நீர் ஆவியானால்தான் உள்ளே குளிர்ச்சி. கடலோரமான நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். செப்புக் குடத்தில் இரவெல்லாம் வைத்த நீரில் கிருமிகள் மடிவதை 2012-இல் வெளியான இந்திய ஆய்வொன்று காட்டியிருக்கிறது. ஆனால் செப்புப் பாத்திரத்தில் மோர், எலுமிச்சைச் சாறு, புளி கலந்தது எதையும் வைக்கக் கூடாது. செம்பு கரைந்து வயிற்றைப் புரட்டும். வீட்டுப் பூசையில் தீர்த்தம் வைப்போருக்கும் ஒன்று: ஏலம், கிராம்பு, துளசி போதும். பச்சைக் கற்பூரம் சேர்ப்பதானால் அணுவளவே. குழந்தைகளுக்கு அது ஆகாது. ஆரத்திக்கு ஏற்றும் கற்பூரத்தை ஒருபோதும் தண்ணீரில் போடாதீர்கள்.

அந்த அன்பரிடம் நடந்ததையெல்லாம் சொன்னோம். தாயார் பெயரில் கொடுக்க நினைத்ததைத் திரும்பப் பெற மாட்டேன் என்றார். அந்தப் பணத்தில் தொட்டிக்குப் புதிய மூடியும், உணவுக்கு உகந்த குழாய் இருபது மீட்டரும், மடைப்பள்ளிக் குழாயடியில் ஒரு சாதாரணக் கரி வடிகட்டியும் வாங்கினோம். மூன்று ஆண்டுகளுக்கு வேண்டிய கரிக்குழல்களுக்கும் தொட்டி கழுவும் கூலிக்கும் மீதியைத் தனியே ஒதுக்கியிருக்கிறோம். ஒவ்வொரு குழல் மாற்றும்போதும் அதன் மேல் தேதி எழுதி வைக்கும் பொறுப்பு அடியேனுடையது. மடைப்பள்ளிக்கு வருகிறவர்கள் அந்தத் தேதியைப் பார்த்து, நாள் கடந்திருந்தால் என்னைக் கேட்கலாம்.