கண்மூடி உட்கார்ந்தால் படபடப்பு அடங்குமா?

மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றே கூடும், விடும்போது குறையும். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு, மூச்சு வெளியேறும் நேரத்தில்தான் துடிப்புக்கு இறுக்கிக் கடிவாளம் போடுகிறது. மெல்ல, நீளமாக மூச்சுவிட்டால் படபடப்பு தணிவது இதனால்தான். டில்லி அரசுப் பள்ளிகளில் 2018-இல் வந்த மகிழ்ச்சிப் பாடத்திட்டத்திலும் இப்படி மூச்சைக் கவனித்து மனதை ஒருமுகப்படுத்தும் பயிற்சி இருந்தது.

சரி, இந்தப் பயிற்சியை வகுப்பு முழுவதற்கும் கற்றுக்கொடுத்தால்? பிரிட்டனில் 85 பள்ளிகளில், 11 முதல் 14 வயதுள்ள 8,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் சோதித்தார்கள். 2022-இல் வெளியான முடிவு: வழக்கமான பாடத்தைவிட மனநலத்தில் கூடுதல் பலன் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சியே செய்யவில்லை. வீட்டுப்பாடம் என்றாலே அப்படித்தானே! ஆச்சரியம், பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் பணிச்சோர்வுதான் குறைந்தது. ஓராண்டில் அதுவும் பெரும்பாலும் மங்கிவிட்டது.