தொலைக்காட்சி நேர்காணலில் வினாவும் விடையும்

வினாவையும் விடையையும் தமிழிலக்கண நூலார் சொல்லிலக்கணத்துள் வைத்து ஆராய்ந்தனர். தொல்காப்பியர் கிளவியாக்கத்துள் இவ்விரண்டும் வழுவாமற் காக்கப்படல் வேண்டும் என விதிப்பர். பவணந்தியார் நன்னூற் பொதுவியலுள் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுப்பர். இப்பகுதியைக் கற்பிக்குங்கால் நாம் காட்டும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பழைய உரையாசிரியர் காட்டியனவே. வழிகேட்பானும், கடைக்காரனும், ஆசிரியனும் மாணாக்கனுமே அவற்றுள் வருவர். இன்றோ ஒரே வேளையில் பல்லாயிரவர் செவியிற்படும் வினா தொலைக்காட்சி நேர்காணலில் எழும் வினாவாகும். உலக நடப்பு, ஆட்சி, பண்பாடு ஆகியவை பற்றி ஒருவர் வினவ, மற்றொருவர் விடை கூறுகிறார். இவ்வினாவிடைக்கு நம் இலக்கணம் எத்துணைப் பொருந்தும், எவ்விடத்தில் போதாதாகும் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். சான்றுகள் பெரும்பாலும் பிரிட்டிசுத் தொலைக்காட்சியிலிருந்து கொள்ளப்பட்டன. ஆட்சியாளரை நேர்நின்று வினவும் வழக்கம் அங்கே படிப்படியாக வளர்ந்த வரலாறு தெளிவாகத் தெரிவதே அதற்குக் காரணம்.

முதற்கண் வகைகளை நினைவுகூர்வோம். அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்பன வினாவின் வகைகள். சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்பன விடையின் வகைகள். இவ்வெட்டனுள் முதல் மூன்றும் வினவியதற்கு நேரே விடையாவன. ஏனைய ஐந்தும் சுற்றி வருவன. ஆயினும் கேட்ட பொருளையே குறிப்பாற் பயத்தலின் அவையும் விடையாகத் தழுவப்பட்டன. ‘ஆடுவாயா?’ என்றார்க்குப் ‘பாடுவேன்’ என்றால், ஆடேன் என்பது பெறப்படுகிறது. பெறப்படுவதனாலேயே அது விடை. தொல்காப்பியரும் வழுவிய செப்பைக் கடிந்து நீக்கவில்லை; கேட்ட பொருளோடு அஃது இயைபுடையதாதல் வேண்டும் என்பதே அவர் வேண்டும் வரம்பு. இவ்வரம்பைக் கட்டுரை முழுதும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இலக்கணத்தார் கண்ட வினாவிடையில் இருவரே உளர். தொலைக்காட்சியிலோ மூவர். வினவுவார், விடை கூறுவார் என்னும் இருவரையன்றி, இருவர்க்கும் முகந்தெரியாத காண்போர் கூட்டம் ஒன்று உண்டு. தமிழில் ‘கேள்’ என்னும் பகுதி வினவுதலையும் செவிப்படுத்தலையும் ஒருங்கே உணர்த்தும். அவ்விரு கேட்டலும் ஒருவர் பாலே நிகழ்தல் இயல்பு: வழி கேட்டவனே வழியைக் கேட்டறிகிறான். தொலைக்காட்சியில் இவை இருவேறு இடத்தாரிடம் பிரிந்து நிற்கின்றன. கேட்பவர் அரங்கிலிருக்க, கேட்டறிய வேண்டியவர் வீட்டில் இருக்கின்றனர். ஆகவே நேர்காண்பவரது வினா அவரளவில் அறிவினா. காண்போரளவில் அறியா வினா. இரட்டை நிலையுடைய இத்தகைய வினாவை ஆறனுள் ஒன்றில் அடக்குதல் எளிதன்று.

இவ்வுண்மைக்குச் சிறிய, ஆயினும் உறுதியான சான்று ஒன்று உண்டு. நாம் ஒருவர் பேசுங்கால் ‘உம்’ கொட்டுகிறோம், ‘அப்படியா’ என்கிறோம். கதை கேட்கும் சிறுவன் ‘உம்’ கொட்டாவிடின் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள். செய்தி நேர்காணல் நடத்துவோர் பெரும்பாலும் இவ்வொலிகளை அடக்கிக்கொள்கின்றனர். ஜான் ஹெரிடேஜ், ஸ்டீவன் கிளேமன் என்னும் அறிஞர் இருவர் நேர்காணல் உரையாடலைச் சொற்சொல்லாக ஆய்ந்து 2002-இல் தனிநூல் வெளியிட்டனர். ‘உம்’ கொட்டினால் விடையைப் பெற்றவர் தாமே என்று ஆகிவிடும். அதனைத் தவிர்ப்பதால் விடை காண்போர்க்கே உரியதாக நிற்கிறது என்பது இத்துறை ஆய்வு காட்டும் விளக்கம். பேச்சில் சிறுபொருளென நாம் விட்டுவிடும் ஓரொலி இல்லாமையே ஓர் இலக்கணமாதல் வியத்தற்குரியது.

இனி வரலாற்றிற்கு வருவோம். 1951-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் பழமைக்கட்சியினர் தொலைக்காட்சியில் ஒளிபரப்பிய தேர்தலுரை, நேர்காணல் வடிவில் அமைக்கப்பட்டது. விடை கூறியவர் அந்தோணி ஈடன். வினவியவர், 1936-இல் பி.பி.சி. தொலைக்காட்சி தொடங்கியபோது அறிவிப்பாளராயிருந்த லெஸ்லி மிட்செல். வினாவும் விடையும் முன்னரே எழுதிப் பயிலப்பெற்றவை. வறியவனை ‘உனக்கு ஆடை உண்டோ?’ என வினவுவோன் ஆடை கொடுக்கக் கருதியே வினவுகிறான். மிட்செலும் ஈடனுக்குப் பேச இடங்கொடுக்கக் கருதியே வினவினார். ஆதலின் கொடை வினா என்னும் பெயர் இதற்கு முற்றும் பொருந்தும். இக்காலத்துப் பல நாட்டுத் தொலைக்காட்சிகளில் தலைவர்களிடம் கேட்கப்படும் வினாக்களும் பெரும்பாலும் இவ்வகையினவே; அவற்றிற்குத் தனியே சான்று தேட வேண்டுவதில்லை.

அக்காலத்தே பி.பி.சி.க்கு மற்றொரு தளையும் இருந்தது. பாராளுமன்றத்தில் அடுத்த 14 நாட்களுக்குள் விவாதத்திற்கு வரவிருக்கும் பொருளைப் பற்றி ஒலிபரப்பில் உரையாடலாகாது என்பது அது. 1956-இல் எழுந்த சூயெசு நெருக்கடி இவ்விதியின் பொருந்தாமையை யாவர்க்கும் காட்டிற்று. 1957-க்குள் அது கைவிடப்பட்டது. இதற்கிடையே 1955-இல் வணிகத் தொலைக்காட்சியின் செய்தி நிறுவனமாகிய ஐ.டி.என். தோன்றி, வழக்கறிஞர் பயிற்சி பெற்ற இராபின் டே என்பாரைப் பணியில் அமர்த்தியது. குறுக்கு விசாரணையின் நடை அரங்கினின்று வீட்டுக்குள் நுழைந்தது இவர் வழியேதான்.

சூயெசுப் போர்க்குப் பின் பிரிட்டனும் எகிப்தும் தூதுறவின்றி இருந்த 1957-இல் டே கெய்ரோ சென்று நாசரை நேர்கண்டார். இசுரேல் தன்னுரிமை நாடாக நிலைபெறுதலை நாசர் இப்பொழுது ஏற்றுக்கொள்கிறார் என்பது சரியா என்று வினவினார். நீர் முடிவுக்குத் தாவுகின்றீர் என்றார் நாசர். இல்லை, வினவுகின்றேன் என்றார் டே. இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. வினாவின் வடிவம் வினாவே. ஆயின் அதன் வயிற்றினுள் ஒரு முடிபு அடங்கியுள்ளது. ஆம் எனினும் இல்லை எனினும் விடை கூறுவோர் அம்முடிபின்மேல் நின்றே கூறல் வேண்டும். அதனால் நாசர் எண்வகை விடையுள் ஒன்றையும் கூறாது வினாவையே மறுத்தார். வினாவை மறுத்தல் என்பதை நன்னூலார் விடைவகையுள் எண்ணவில்லை. ‘மறை’ என்பது வினவிய செயலை மறுப்பதேயன்றி வினாவை மறுப்பதன்று.

அடுத்த ஆண்டு, 1958 பிப்பிரவரியில், அதே டே தலைமையமைச்சர் மாக்மில்லனை நேர்கண்டார். வெளிநாட்டமைச்சர் செல்வின் லாயிடைப் பற்றி எழுந்த குறைகூறலைக் குறித்து ஒளிவுமறைவின்றி வினவினார். லாயிடு நல்ல அமைச்சர். அங்ஙனம் கருதாதிருப்பின் மாற்றியிருப்பேன் என்னும் பொருள்பட மாக்மில்லன் விடையளித்தார். விடை நேரானது, ஆரவாரமற்றது. ஆயினும் மறுநாள் இதழ்களில் எழுந்த பேச்சு விடையைப் பற்றியதன்று. தலைமையமைச்சரை இவ்வாறு வினவலாமா என்பதே பேச்சு. வினவும் உரிமை என்று ஒன்று புதிதாகத் தோன்றிவிட்டதை நாடு உணர்ந்தது அன்றே எனலாம்.

அவ்வுரிமையின் எல்லை எதுவென்று காட்டும் நேர்காணல் 1997 மே 13-ஆம் நாள் பி.பி.சி.யின் ‘நியூஸ்நைட்’ நிகழ்ச்சியில் நிகழ்ந்தது. வினவியவர் ஜெரெமி பாக்ஸ்மன். விடை கூறியவர் முன்னாள் உள்நாட்டமைச்சர் மைக்கேல் ஹோவர்டு. அவர் அப்போது கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்தார். 1995 சனவரியில் பார்க்கர்ஸ்டு சிறையினின்று கைதிகள் மூவர் தப்பினர். அதன்பின் அச்சிறையின் ஆளுநரைப் பொறுப்பினின்று நீக்குவது பற்றிச் சிறைத்துறைத் தலைமை இயக்குநர் டெரெக் லூயிசுக்கும் அமைச்சர்க்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. சிறைகளின் அன்றாட நடப்பு இயக்குநர் பொறுப்பில் இருந்தமையால், அதில் ஆணையிடும் உரிமை அமைச்சர்க்கு இல்லை. அவ்வாண்டு அக்டோபரில் லூயிசு பதவியினின்று நீக்கப்பட்டார். பாக்ஸ்மன் வினவியது ஒன்றே: லூயிசின் முடிவைத் தள்ளி மேலாணை இடுவேன் என அவரை அச்சுறுத்தினீரா?

நான் அவர்க்கு ஆணையிட உரிமையுடையேனல்லேன். ஆணையிடவும் இல்லை என்பது ஹோவர்டின் விடை. பாக்ஸ்மன் மீண்டும் அதனையே வினவினார். பன்னிரு முறை வினவினார் என்பது வழக்கு. எண்ணும் முறைக்கேற்பத் தொகை சிறிது வேறுபடும். சொல்லும் ஏறத்தாழ மாறவில்லை, விடையும் மாறவில்லை.

இவ்விடையை நம் இலக்கணத்தின்படி ஆராய்வோம். ‘அச்சுறுத்தினீரா?’ என்றதற்கு ‘ஆணையிடவில்லை’ என்பது மேற்பார்வைக்கு இனமொழி போலும். ஆடுதற்குப் பாடுதல் இனமாதல் போல, அச்சுறுத்தற்கு ஆணையிடுதல் இனமே. ஆயின் ‘பாடுவேன்’ என்பதனின்று ‘ஆடேன்’ என்பது பெறப்படுகிறது. ‘ஆணையிடவில்லை’ என்பதனின்று அச்சுறுத்தினார் என்பதும் பெறப்படாது. அச்சுறுத்தவில்லை என்பதும் பெறப்படாது. ஆணையிடாமலே அச்சுறுத்தலாம் அன்றோ! ஆகவே இஃது இனமொழியின் உருவை உடையது. இனமொழியின் பயனை உடையதன்று. கேட்ட பொருளோடு இயைபு வேண்டும் என்ற தொல்காப்பியர் வரம்பு இவ்விடத்தே நமக்கு உரைகல்லாகப் பயன்படுகிறது. அரசியலார் விடை சுற்றி வருவது குற்றமன்று. ஐவகைச் சுற்றும் இலக்கணம் தழுவியனவே. சுற்றியும் பொருளை வந்தடையாமையே குற்றம்.

இந்நேர்காணலுக்குப் பின்கதை இரண்டு உள. அடுத்து ஒளிபரப்ப வேண்டிய பகுதி ஆயத்தமாகாமையால், வினாவை நீட்டுமாறு தமக்குச் சொல்லப்பட்டதெனப் பாக்ஸ்மன் பின்னர்க் கூறினார். அவ்வாறாயின் பன்முறை வினவலின் ஒரு பகுதி காலம் நிரப்பியதே! எனினும், எண்ணம் எதுவாயினும், காண்போர்க்குக் கிடைத்த பயன் குறையவில்லை. விடை இல்லாமையே பன்னிரு முறை வெளிப்பட்டது. மற்றொன்று: 2004-இல் ஹோவர்டு கட்சித் தலைவராயிருந்தபோது பாக்ஸ்மன் மீண்டும் அவ்வினாவை எழுப்ப, அச்சுறுத்தவில்லை எனச் சுருங்க மறுத்தார். ஒரு ‘மறை’ விடை வர ஏழாண்டுகள் சென்றன.

வினா எதிர் வினாதலுக்குச் சிறந்த சான்று அமெரிக்காவில் உள்ளது. 1974 ஆகத்தில் பதவி துறந்த நிக்சனுக்கு, அடுத்த மாதமே ஃபோர்டு முழு மன்னிப்பு வழங்கினார். அதனால் நீதிமன்றத்தில் அவரை வினவும் வழி அடைபட்டது. 1977-இல் டேவிட் ஃபிராஸ்டு 28 மணி நேரத்திற்கும் மேலாக அவரை நேர்கண்டு பதிவு செய்தார். இதற்காக நிக்சனுக்கு 6,00,000 டாலரும் ஊதியத்தில் ஒரு பங்கும் பேசப்பட்டன. பொருள் கொடுத்து விடை கொண்டமையால், கொளல் வினா என்பதற்கு இதனினும் நேரான எடுத்துக்காட்டு அரிது. வாட்டர்கேட்டு பற்றிய பகுதியில், பிழை என்பதனினும் மேலான சொல்லைக் கூறுவீரோ என்னும் கருத்துப்பட ஃபிராஸ்டு நெருக்க, எச்சொல்லை எதிர்பார்க்கின்றீர் என நிக்சன் எதிர்வினவினார். வினாவுக்கு எதிர்வரும் வினாவும் செப்பே என்பது தொல்காப்பியர் கொள்கை. இங்கே நிகழ்ந்ததோ அதற்கும் அப்பாற்பட்டது. ஃபிராஸ்டு கையிலிருந்த குறிப்புகளை ஒதுக்கிவிட்டு, தவற்றினும் மேலான தீச்செயல் நிகழ்ந்தது, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியது, மக்களைத் தேவையற்ற துன்பத்துக்கு ஆளாக்கியது என மூன்றை எடுத்துரைத்தார். வினவியவர் விடையாளராயினார். அதன் பின்னரே, மக்களைக் கைவிட்டேன் என்னும் சொல் நிக்சன் வாயினின்று வந்தது. குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் இவ்வாறு தம் கருத்தை எடுத்துரைத்திருந்தால் எதிர்த்தரப்பு தடுத்திருக்கும். இங்கே தடுப்பார் இலர்.

பண்பாடு பற்றிய நேர்காணலின் இயல்பு வேறு. மேற்கு செருமனியில் குந்தர் கௌசு 1963-இல் தொடங்கிய ‘ட்சூர் பெர்சோன்’ என்னும் தொடரில், படக்கருவி விருந்தினர் முகத்தையே நோக்கி நிற்கும். கௌசின் முதுகும் தலையின் பின்புறமுமே சிறிது தோன்றும். 1964 அக்டோபர் 28 அன்று ஒளிபரப்பாகிய நேர்காணலில் ஹன்னா அரெண்டு இடம்பெற்றார். மெய்யியலார் என்று கௌசு தம்மைக் குறித்ததை அவர் தொடக்கத்திலேயே மறுத்து, தம் துறை அரசியற்கோட்பாடு என்றார். நாசரைப் போலவே இவரும் வினாவின் உள்ளடங்கிய முடிபை மறுத்தார். ஆயின் அங்கே வினா அறுந்தது, இங்கே தொடர்ந்தது. இட்லர்க்கு முற்பட்ட ஐரோப்பாவில் எஞ்சியது எது என்னும் பொருள்பட வினவியபோது, எஞ்சியது மொழி என்றார். நாட்டை இழந்து பிறமொழியில் எழுதி வாழ்ந்தவர், தாய்மொழியை இழக்க உடன்படாது காத்தமையை எடுத்துரைத்தார். தமிழ் பயில்வார் இதனை ஒருமுறையேனும் கண்டு கேட்டல் நன்று. இவ்வினாவின் விடையைக் கௌசு முன்னரே அறிந்திருத்தற்கு இடமில்லை. வினவுவார்க்கும் காண்போர்க்கும் ஒருங்கே அறியா வினாவாக நிற்பது இத்தகைய நேர்காணலிலேயே. அரசியல் நேர்காணலில் விடையைப் பறிக்க வேண்டியுள்ளது. இங்கே விடைக்குக் காத்திருந்தால் போதும்.

இறுதியாக, விடையாளரே இல்லாத வினா ஒன்றுண்டு. 2019-ஆம் ஆண்டுப் பிரிட்டிசுத் தேர்தலின்போது கட்சித் தலைவர்களை ஆண்ட்ரூ நீல் வரிசையாக நேர்கண்டார். எதிர்க்கட்சித் தலைவர் கார்பின் வந்து கடுமையான வினாக்களுக்கு உட்பட்டார். தலைமையமைச்சர் போரிசு ஜான்சன் வரவில்லை. டிசம்பர் 5 அன்று நீல் படக்கருவியை நேரே நோக்கி, அவர் வந்திருப்பின் தாம் வினவியிருக்கக்கூடியவற்றை எடுத்துரைத்தார். எந்த ஒளிபரப்பாளரும் அரசியலார் எவரையும் வற்புறுத்திக் கொணர முடியாது என்பதையும் சொன்னார். மூவருள் நடுவரொருவர் நீங்கியும் வினா நின்றது. வினா உண்மையில் யாரை நோக்கியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. ஒரு வாரத்திற்குப்பின் நடந்த தேர்தலில் ஜான்சன் 80 இடப் பெரும்பான்மையுடன் வென்றார் என்பதையும் உடன் குறித்தல் வேண்டும். வாராமையை விடையாகக் கொண்டவர் சிலர். பொருட்படுத்தாதவர் பலர் போலும்.

தமிழ்த் தொலைக்காட்சி நேர்காணல்களை இம்முறையில் ஆய்வது தனியே செய்யத்தக்கது. ஆகார ஓகார வினாவெழுத்துகளோடு, ‘செய்தீர்கள்தானே’, ‘என்கிறார்களே’ என்னும் முடிபுகளும் அங்கே வினாவாக வழங்குகின்றன. முன்னது உடன்பாட்டை எதிர்நோக்கும். பின்னது பிறர் கூற்றின் பின்னே வினவுவாரை மறைக்கும். இவற்றுள் எது எவ்வகை விடையைப் பெறுகிறது என்பதைப் பதிவுகளைக் கொண்டு தொகுத்துக் காணலாம்.