பூட்டிய அறைக்குள் யாரோடு சண்டை?

இரவு ஒன்பது மணி. மேல்மாடியில் மகனின் அறைக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே அவன் யாருக்கோ ஏசுகிறான். பிறகு குரல் தணிந்து போகிறது. குசினியில் நிற்கும் அம்மா "நிப்பாட்டிப்போட்டுச் சாப்பிட வா" என்று கூப்பிடுகிறார். பதில் இல்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் எமது வீடுகளில் இது பழகிப்போன காட்சி. காதில் ஹெட்செட் இருப்பதால் அவன் சொல்வது மட்டும்தான் எமக்குக் கேட்கிறது. அவனுக்குச் சொல்லப்படுவது கேட்பதில்லை.

அங்கே என்ன நடக்கிறது? லீக் ஒஃப் லெஜன்ட்ஸ் என்ற விளையாட்டை எடுத்துக்கொள்வோம். ஐந்து பேருக்கு எதிராக ஐந்து பேர். பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்கள். ஓர் ஆட்டம் அரை மணி நேரத்துக்கு மேலும் போகும். இடையில் எழும்பிப் போனால் தண்டனை உண்டு. ஒருவர் பிழை விட்டால் மற்ற நால்வரின் நேரமும் வீண். ஆகவே எதிரணியை விடத் தன் அணிக்காரனைத்தான் அதிகம் திட்டுகிறார்கள். கோபத்தில் நாம் வைஃபையைப் பிடுங்கிவிட்டால், பிள்ளையின் பெயரில் நாலு பேரின் வசவும் சேர்ந்துவிடும். இது எம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

வசவோடு நின்றாலும் பரவாயில்லை. எமது பிள்ளைகளுக்கு நிறமும் பெயரும் சேர்ந்து வருகின்றன. எமக்குத் தெரிந்த ஒரு வீட்டில், அம்மா தமிழில் கூப்பிட்டது ஒலிவாங்கி வழியே மற்றவர்களுக்குக் கேட்டுவிட்டது. அன்றிலிருந்து அவருடைய குரலைப் போலக் கதைத்துப் பகிடி பண்ணத் தொடங்கினார்கள். பெடியன் அம்மா கூப்பிட்டாலே எரிந்து விழுந்தான். காரணம் அவருக்கு விளங்கவில்லை. மூன்று மாதம் கழித்து மூத்த மகள்தான் சொன்னாள்.

இப்படி ஏசுகிறவர்கள் எல்லோரும் கெட்டவர்களா? அந்த விளையாட்டை நடத்தும் றயட் கேம்ஸ் நிறுவனத்தில் ஜெப்ரி லின் தலைமையிலான குழு இதை ஆராய்ந்தது. எப்போதும் மோசமாக நடப்பவர்களால் வருவது மொத்தக் கெட்ட நடத்தையில் ஏறக்குறைய 13 வீதம்தான். மீதி 87 வீதமும் வழமையாக ஒழுங்காக விளையாடுகிறவர்களிடமிருந்தே வந்தது. பாடசாலையில் ஒரு சண்டை, வீட்டில் ஒரு பேச்சு, அதைக் கொண்டுவந்து இங்கே கொட்டுவது. எமக்கு இந்தக் கணக்குச் சற்றுச் சங்கடமானது. எங்கோ ஒரு வீட்டுப் பிள்ளை அழுவதற்கு எமது பிள்ளையும் காரணமாக இருக்கலாம் அல்லவா?

அதே குழு எதிரணியோடு கதைக்கும் வசதியை முதலில் மூடிவைத்து, வேண்டியவர் திறந்துகொள்ளலாம் என்று விட்டுப் பார்த்தது. பலர் திறந்துகொண்டார்கள். ஆனாலும் மோசமான பேச்சு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. திறக்க ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்ததே போதுமாக இருந்தது போலும்.

ஆரம்ப அமைப்பு எப்படி இருக்கிறது என்பது அவ்வளவு முக்கியம். போர்ட்நைட்டை நடத்தும் எபிக் கேம்ஸ், 2022 டிசெம்பரில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தோடு 520 மில்லியன் டொலருக்கு இணக்கத்துக்கு வந்தது. சிறுவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் குரல், எழுத்து உரையாடல்கள் தாமாகவே திறந்திருந்தது அதிலிருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. அவற்றை மூடிவைத்தே கொடுக்க வேண்டும் என்றும் அந்த இணக்கம் சொன்னது. மற்ற விளையாட்டுகளில் இது எப்படி இருக்கிறது என்று பெற்றோர் அமைப்புப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடலாம். பத்து நிமிட வேலை. ஆங்கிலம் தடுமாறினால் பிள்ளையையே பக்கத்தில் இருத்திக் கேளுங்கள், அதுவே ஒரு கதைக்கான தொடக்கம்.

ஏசுகிறவனுக்குத் திருப்பி ஏசுவதால் பயனில்லை. முறைப்பாட்டில் இரு பக்கமும் ஒன்றாகவே தெரியும். முதலில் அவனுடைய குரலை அடைக்க வேண்டும், பிறகு முறைப்பாடு. பிளேஸ்டேஷன் 5 இல் கடைசி ஐந்து நிமிடக் குரல் உரையாடலிலிருந்து ஒரு துண்டை வெட்டி அனுப்பலாம். எக்ஸ்பொக்ஸில் கடைசி 60 செக்கனை. பதிவு அழிந்து போவதற்குள் செய்ய வேண்டும், அதனால் இது பிள்ளைக்கே தெரிந்திருக்க வேண்டும். இனவசை, மிரட்டல், படம் கேட்பது என்று போனால் பாடசாலைக்கோ பொலிசுக்கோ போகத் தயங்கக் கூடாது.

ஆனால் பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை? சொன்னால் கேமைப் பறித்துவிடுவோம் என்ற பயம்தான். அந்தப் பயம் நாம் கொடுத்தது. "அதுதான் அப்பவே சொன்னேன், உதெல்லாம் வேண்டாமெண்டு" என்ற வசனத்தோடு கதை முடிந்துவிடுகிறது. நாடு விட்டு வந்த எமக்கு, பழைய நண்பர்களோடு தொலைபேசியில் கதைக்கும் ஒரு மணி நேரம் எப்படியோ, வகுப்பில் தனியாக நிற்கும் பிள்ளைக்கு இந்த விளையாட்டு அப்படி இருக்கலாம்.

அந்த வீட்டில் கேமைப் பறிக்கவில்லை. பகிடி பண்ணிய இருவரையும் பெடியன் முறைப்பாடு செய்து தடுத்துவிட்டான். அம்மா இப்போதும் தமிழில்தான் கூப்பிடுகிறார். ஆனால் "நிப்பாட்டு" என்று சொல்வதில்லை, "இன்னும் எத்தனை நிமிசம்?" என்று கேட்கிறார். பெரும்பாலும் பதில் வருகிறது.