உதிரி மடிக்கணினி பேட்டரியைப் பாதுகாத்து வைத்தல்

மடிக்கணினியில் பொருத்தாமல், தேவைப்படும்போது மாற்றிப் போடுவதற்காகத் தனியே வாங்கி வைக்கப்படுவது உதிரி பேட்டரி ஆகும். ஒருமுறைகூடப் பயன்படுத்தாவிட்டாலும் இதன் கொள்ளளவு நாள்பட நாள்படக் குறையும். குறையும் வேகத்தைப் பெரும்பாலும் இரண்டு காரணிகள் முடிவு செய்கின்றன. ஒன்று, வைத்திருக்கும் இடத்தின் வெப்பநிலை. மற்றொன்று, எடுத்து வைக்கும்போது அதிலிருந்த மின்னேற்றத்தின் (சார்ஜ்) அளவு. கோவில்பட்டி, எட்டயபுரம், ஓட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி போன்ற ஊர்கள் அடங்கிய கரிசல் வட்டாரத்தில் கோடைப் பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டுவது வழக்கம். வெப்பத்தை ஓரளவுதான் தவிர்க்க முடியும் என்பதால், இங்கு மின்னேற்ற அளவைக் கவனிப்பது கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

பின்னணி

அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கான தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. எல்காட் நிறுவனம் கணினிகளைக் கொள்முதல் செய்தது. கரிசல் காட்டுச் சிற்றூர்களில் பல வீடுகளுக்கு முதல் கணினி இவ்வாறுதான் வந்தது. அதே காலத்தில், குறிப்பாக 2012-இல், சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது. அன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் பேட்டரியைக் கையால் கழற்றி மாட்ட முடியும். எனவே கையில் இன்னொரு பேட்டரி இருந்தால் மின்சாரம் இல்லாத மாலையிலும் படிக்கலாம் என்ற எண்ணம் இயல்பானதே. ஆனால் நெல்லையும் பருப்பையும் போல வாங்கி அடுக்கி வைக்கும் பொருளன்று பேட்டரி.

தேய்மானத்தின் காரணம்

மடிக்கணினி பேட்டரிக்குள் பல லித்தியம்-அயனி மின்கலங்கள் இணைக்கப்பட்டிருக்கும். 1991-இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த வகை இது. ஒவ்வொரு மின்கலமும் முழுதாக நிரம்பும்போது ஏறத்தாழ 4.2 வோல்ட் காட்டும். அந்த நிலையில் உள்ளிருக்கும் மின்பகுளி திரவம் மின்முனைகளுடன் மெல்ல வினைபுரிகிறது. கிராஃபைட் மின்முனையின் மேல் ஒரு படலம் தடித்துக்கொண்டே போகிறது. அதில் சிக்கும் லித்தியம் மீண்டும் பயனுக்கு வராது. வெப்பம் கூடினால் இந்த வினையின் வேகமும் கூடும்.

கனடாவின் கேடெக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த இசிடோர் புக்மன் வெளியிட்ட, பரவலாக எடுத்தாளப்படும் அட்டவணை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 40 விழுக்காடு மின்னேற்றத்துடன் 25 டிகிரியில் ஓராண்டு வைத்த பேட்டரியில் 96 விழுக்காடு கொள்ளளவு மிஞ்சுகிறது. முழு மின்னேற்றத்துடன் வைத்தால் 80 தான். 40 டிகிரி வெப்பத்தில் இவை முறையே 85, 65 எனக் குறைகின்றன. அதாவது புதிதில் நான்கு மணி நேரம் உழைக்கக்கூடிய பேட்டரியை நிரப்பி, வெயில் தகிக்கும் அறையில் ஓராண்டு வைத்தால், எடுத்துப் போடும்போது இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் கிடைக்கும். பாதி அளவில் வைத்திருந்தால் அதே அறையிலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் கிடைத்திருக்கும்.

முற்றிலும் காலியாக்கி வைப்பது இதைவிடக் கேடு. பயன்பாட்டில் இல்லாதபோதும் பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று சிறிது மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். மின்னழுத்தம் எல்லைக்குக் கீழே இறங்கினால் அச்சுற்று மின்னேற்றத்தையே மறுத்துவிடும். மிகவும் இறங்கினால் உள்ளிருக்கும் செப்புத் தகடு கரைந்து, பின்னர் மின்னேற்றும்போது உட்குறுக்குச் சுற்று உண்டாகலாம்.

இங்கே ஒரு குழப்பம் பரவலாக உள்ளது. வீட்டு இன்வெர்ட்டரிலும் இருசக்கர வண்டியிலும் இருப்பது ஈய-அமில பேட்டரி. அதை நிரப்பித்தான் வைக்க வேண்டும். அடிக்கடி முழுதாகத் தீர்த்துவிட வேண்டும் என்பது பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிக்கான பழக்கம். இவ்விரண்டையும் லித்தியம் பேட்டரிக்குப் பொருத்துவது அதைக் கெடுக்கும் வழி.

வைக்கும் முறையும் இடமும்

பேட்டரியை மடிக்கணினியில் மாட்டி 40 முதல் 50 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்து, கணினியை முழுதாக அணைத்தபின் கழற்ற வேண்டும். உலோக முனைகளில் சாவி, நாணயம் போன்றவை படாதவாறு அது வந்த பெட்டியிலோ பிளாஸ்டிக் உறையிலோ வைத்து, தேதியை எழுதி ஒட்டுவது நல்லது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாட்டிப் பார்த்து, 20 விழுக்காட்டை நெருங்கியிருந்தால் மீண்டும் பாதிக்கு ஏற்றலாம்.

இடத்தைத் தேர்வதில்தான் ஊருக்கு ஊர் வேறுபாடு. ஆப்பிள் நிறுவனம் தன் கருவிகளை 32 டிகிரிக்குக் குறைவான, ஈரமற்ற இடத்தில் வைக்கச் சொல்கிறது. கரிசல் பகுதியில் கோடையில் இது எளிதன்று. தகரக் கூரைக்கு அடியிலுள்ள பரணும், மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு பீரோவும், மொட்டை மாடிக்கு நேர்கீழ் அறையின் மேல் அலமாரியும் தவிர்க்க வேண்டியவை. பகலில் வாங்கிய சூட்டைக் காங்கிரீட் தளம் இரவிலும் கக்கும். தரைத்தளத்தில், வெயில் படாத உள்ளறையில், மர அலமாரியின் கீழ்த்தட்டு நல்ல இடம். தீப்பெட்டித் தொழில் நடக்கும் வட்டாரம் என்பதால், தீக்குச்சியோ பட்டாசோ அட்டைக்கட்டோ இருக்கும் அறையைத் தவிர்ப்பது அவசியம்.

குளிர்பதனப் பெட்டி உதவும், ஆனால் ஈரம் அதன் குறை. காற்றுப் புகாத உறையில் போட்டுக் கீழ்த்தட்டில் வைக்கலாம். உறைபனி அறையில் வைக்கக்கூடாது. வெளியே எடுத்தபின் அறை வெப்பத்துக்கு வரும்வரை உறையைத் திறக்காமல் இருந்தால் முனைகளில் நீர் படியாது. இத்தனை கவனம் எடுக்க இயலாதவர்கள் அலமாரியோடு நிறுத்திக்கொள்வதே மேல்.

வாங்கும் காலம்

உற்பத்தியான நாளிலிருந்தே தேய்மானம் தொடங்கிவிடுவதால், கடையில் நெடுநாள் கிடந்த பேட்டரி புதியதாகாது. உற்பத்தித் தேதியைப் பார்த்து, தேவை நெருங்கும்போது வாங்குவது லாபம். இரண்டு பேட்டரி ஏற்கெனவே கையில் இருந்தால் ஒன்றைப் பூட்டி வைக்காமல் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ மின்னேற்றவோ கூடாது. வீட்டுக் குப்பையில் போடுவதும் எரிப்பதும் ஆபத்தானவை. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளர்களுடையது. ஆகவே முனைகளில் ஒட்டுநாடா சுற்றி, விற்பனையாளரிடமோ அங்கீகரிக்கப்பட்ட மின்கழிவு சேகரிப்பு மையத்திலோ ஒப்படைக்க வேண்டும்.