முதல்தொடர்பு வணிக மின்னஞ்சல்

முதல்தொடர்பு வணிக மின்னஞ்சல் என்பது, முன்பு அறிமுகமில்லாத ஒரு தொழில் நிறுவனத்துடன் வணிக உறவைத் தொடங்கும் நோக்கில் அனுப்பப்படும் முதல் மடல் ஆகும். வாடிக்கையாளராகக் கூடியவர்களை இனங்காணுதல், அவர்களின் முகவரியை முறையாகப் பெறுதல், மடல் எழுதுதல், மறுமொழியைத் தொடர்தல் ஆகியன இதில் அடங்கும். ஒரே மடலைப் பெருந்தொகையானோருக்கு அனுப்பும் எரிதத்திலிருந்து இது வேறுபட்டது. பெறுபவரின் தொழிலை அறிந்து அவருக்கென்றே எழுதப்படுவதே அவ்வேறுபாடாகும். சிறுதொழில்கள் நெருங்கி அமைந்துள்ள கோவில்பட்டி வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை இம்முறையை விளக்குகிறது.

வரலாறு

அறிமுகமில்லாதவருக்கு எழுதி வணிகம் தேடும் வழக்கம் மின்னஞ்சலுக்கு முற்பட்டது. இந்தியாவில் 1877இல் மதிப்புச் செலுத்து அஞ்சல் முறையும் (வி.பி.பி.), 1879இல் அஞ்சலட்டையும் அறிமுகமாயின. தொலைவில் உள்ள வாங்குநரை விலைப்பட்டியல் மூலம் அணுகவும், பொருளை அனுப்பிப் பணம் பெறவும் இவை உதவின. நேரில் அணுகும் முறைக்குச் சிவகாசி நாட்காட்டித் தொழில் சிறந்த எடுத்துக்காட்டாகும். அடுத்த ஆண்டுக்கான மாதிரித் தொகுப்பு (ஆல்பம்) ஆடிப்பெருக்கு நாளில் வெளியிடப்படுவது அங்கு மரபு. முகவர்கள் அத்தொகுப்பை ஊர் ஊராகக் கடைகளுக்கு எடுத்துச் சென்று ஆணை பெறுவர்.

மின்னஞ்சல் வழியாகப் பலருக்கும் விளம்பரம் அனுப்பிய முதல் நிகழ்வு 1978 மே 3 அன்று நடைபெற்றது. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்குவிப்மென்ட் நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துர்க், ஆர்ப்பாநெட் வலையமைப்பின் பயனர் ஏறத்தாழ 400 பேருக்குப் புதிய கணினி பற்றிய அறிவிப்பை அனுப்பினார். அதற்குக் கடும் கண்டனம் எழுந்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகத்து 15 அன்று வி.எசு.என்.எல். நிறுவனத்தால் தொடங்கப்பட்டது. தொடக்கக் காலத்தில் தமிழ் எழுத்துருக்களின் குறியாக்கங்கள் வேறுபட்டதால் தமிழ் மடல்கள் பெறுபவரின் கணினியில் சிதைந்து தெரிந்தன. ஒருங்குறி பரவிய பின் இச்சிக்கல் பெரிதும் நீங்கியது.

கோவில்பட்டி வட்டாரம்

கோவில்பட்டி, தூத்துக்குடி மாவட்டத்தில் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடையிலான நெடுஞ்சாலையில் அமைந்துள்ள நகராகும். சுற்றியுள்ள கரிசல் நிலத்தில் பருத்தி, உளுந்து, பாசிப்பயறு, கம்பு, சோளம் முதலியன வடகிழக்குப் பருவமழையை நம்பி மானாவாரியாகப் பயிரிடப்படுகின்றன. மழை குறைந்த இப்பகுதியில் ஆண்டு முழுவதும் வேலை தரும் சிறுதொழில்கள் வேரூன்றின.

தீப்பெட்டித் தொழில் 1923இல் சிவகாசியில் தொடங்கிக் கோவில்பட்டி, சாத்தூர், கழுகுமலை, எட்டயபுரம் ஆகிய ஊர்களுக்கும் பரவியது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு பெற்றது.

இத்தொழில்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. தீப்பெட்டி ஆலைக்குக் குச்சி, அட்டை, மெழுகு, பொட்டாசியம் குளோரேட்டு, அச்சிட்ட மேலுறை ஆகியன தேவை. கடலைமிட்டாய் செய்பவருக்கு நிலக்கடலை, வெல்லம், உறைத்தாள், அட்டைப்பெட்டி ஆகியன தேவை. எனவே ஒரு சிறு அச்சகமோ பெட்டி செய்பவரோ தேடும் வாடிக்கையாளர் பெரும்பாலும் ஒரு மணிநேரப் பயணத் தொலைவுக்குள்ளேயே இருக்கிறார். தொழில் செய்வோர் சங்கங்கள் வழியாக ஒருவரையொருவர் அறிந்திருப்பதால், பொருத்தமற்ற மடல்களை அனுப்புபவரின் பெயர் விரைவில் கெடும். சந்தை சிறியதாதலால் அவர் இழந்த நம்பிக்கையை வேறிடத்தில் ஈடுசெய்வதும் கடினம்.

வாடிக்கையாளரைக் கண்டறிதல்

உள்ளூர் நிறுவனங்களைப் பின்வரும் வழிகளில் கண்டறியலாம்.

1. பொருளின் மேலுறை: 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொதியப்பட்ட பொருள்கள்) விதிகளின்படி, சில்லறை விற்பனைக்கான பொதிகளில் தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், நுகர்வோர் முறையீட்டுக்கான தொடர்பு விவரமும் இடம்பெற வேண்டும். உணவுப் பொதியில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்கும். ஆகவே கடைகளில் உள்ள கடலைமிட்டாய்ப் பொட்டலங்களே ஒரு முகவரி நூலாகப் பயன்படுகின்றன. ஆனால் அதிலுள்ள மின்னஞ்சல் முறையீட்டுக்கானது. அங்கு விளம்பரம் அனுப்பாமல், கொள்முதல் பற்றி யாருக்கு எழுதலாம் என்று மட்டும் கேட்பதே முறை.

2. புவிசார் குறியீட்டுப் பதிவேடு: சென்னையில் உள்ள பதிவகம் பேணும் பதிவேட்டின் இரண்டாம் பகுதியில், குறியீட்டைப் பயன்படுத்த உரிமை பெற்றவர்களின் விவரங்கள் பதியப்படுகின்றன.

3. தொழிற்சங்கங்களும் மாவட்டத் தொழில் மையமும்: இவற்றின் வழியாக அறிமுகம் பெறுவது நேரடி மடலைவிட மதிப்புள்ளது.

4. நிறுவனத்தின் சொந்த இணையத்தளம், பெயர்ப்பலகை, வணிகக் கண்காட்சி அரங்கு ஆகியன.

விலைக்கு விற்கப்படும் முகவரிப் பட்டியல்களில் செயலிழந்த முகவரிகள் கலந்திருக்கும். உரிமையாளரின் இசைவின்றித் திரட்டப்பட்ட தனிப்பட்ட முகவரிகளும் இருக்கக்கூடும். ஆகையால் அவை தவிர்க்கத்தக்கவை.

மடலின் அமைப்பு

நல்ல மடல் பொதுவாக ஐந்து கூறுகளைக் கொண்டது: பொருளைத் தெளிவாகக் கூறும் தலைப்பு, அனுப்புபவர் யார், எந்த ஊர் என்பது, பெறுபவரை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பது, ஒரே ஒரு கோரிக்கை, முழு முகவரியும் தொலைபேசி எண்ணும்.

"எங்களிடம் எல்லா வகை அச்சு வேலைகளும் செய்யப்படும்" என்பது எவருக்கும் பொருந்தும் வாக்கியம். அதனால் எவரையும் ஈர்க்காது. "தங்கள் 200 கிராம் பொட்டலத்தின் உறையில் பதிப்புத் தேதி அழிந்து காணப்படுகிறது, அழியாத மையில் அச்சிட்ட பத்து மாதிரிகளை நேரில் காட்ட விரும்புகிறோம்" என்பது பெறுபவரின் பொருளைப் பார்த்து எழுதப்பட்டது. விலையைத் தொழிலின் வழக்கு அளவில் கூறுவதும் அவசியம். தீப்பெட்டித் தொழிலில் 600 பெட்டிகள் கொண்ட பண்டல் கணக்கே வழக்கு.

காலமும் கருதத்தக்கது. கையால் செய்யும் தீப்பெட்டித் தொழிலில் உலர்த்துவதற்கு வெயில் தேவை. எனவே அக்டோபர் முதல் திசம்பர் வரையான மழைக்காலத்தில் வேலை தடைப்படலாம். உலர்த்தும் கருவி விற்பவர் அதற்குச் சில மாதங்கள் முன்னரே எழுதுவது பயன்தரும். மறுமொழி இல்லையெனில் ஒரு வாரத்துக்குப் பின் ஒருமுறை நினைவூட்டலாம். பல சிறு பட்டறைகளில் மின்னஞ்சல் அன்றாடம் பார்க்கப்படுவதில்லை என்பதால், மடலுக்குப் பின் தொலைபேசியிலோ நேரிலோ தொடர்வது இவ்வட்டாரத்துக்கு ஏற்றது.

சென்றடைதல்

அனுப்பப்படும் எல்லா மடல்களும் பெறுபவரைச் சென்றடைவதில்லை. அஞ்சல் வழங்கிகள் அனுப்புபவரின் ஆள்களப் பெயரைச் சரிபார்க்கின்றன. அந்த ஆள்களத்தின் பெயரில் மடல் அனுப்ப எந்த வழங்கிகளுக்கு உரிமை உண்டு என்பதை எசு.பி.எஃப். பதிவு காட்டுகிறது. மடல் வழியில் மாற்றப்படவில்லை என்பதை டி.கே.ஐ.எம். கையொப்பம் உறுதிசெய்கிறது. இச்சோதனைகளில் தவறும் மடலை என்ன செய்வது என்பதை டிமார்க் பதிவு அறிவிக்கிறது.

கூகுள், யாகூ நிறுவனங்கள் 2024 பெப்ரவரி முதல் இவ்விதிகளைக் கடுமையாக்கின. ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர் மூன்றையும் அமைக்க வேண்டும். எரித முறையீடு 0.3 விழுக்காட்டை எட்டலாகாது. அதாவது ஆயிரம் பேரில் மூவர் "எரிதம்" எனக் குறித்தாலே ஆள்களத்தின் நற்பெயர் குலையும். அதன்பின் பழைய வாடிக்கையாளருக்கு அனுப்பும் விலைச்சீட்டும்கூட எரிதப் பெட்டிக்குள் விழக்கூடும்.

சட்டநிலை

இந்தியாவில் எரிதத்துக்கெனத் தனிச் சட்டம் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, தொல்லை தரும் மின்னஞ்சலையும் உள்ளடக்கியிருந்தது. அப்பிரிவு 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முதன்மைக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களுக்குப் பின் நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன. ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட தரவுக்கு இச்சட்டம் பொருந்தாது. பிறர் திரட்டிய தனிப்பட்ட முகவரிக்குப் பொருந்தும்.

வெளிநாட்டுக் கடைகளுக்கு எழுதுவோர் அந்நாட்டுச் சட்டங்களையும் அறிதல் வேண்டும். அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் அஞ்சல் முகவரியையும் விலகும் வழியையும் கட்டாயமாக்குகிறது. 2014 சூலை முதல் நடைமுறையில் உள்ள கனடாவின் சட்டம் பொதுவாகப் பெறுபவரின் இசைவைக் கோருகிறது.

மோசடிகள்

அறிமுகமில்லாத மடல் என்பதால் பெறுபவருக்கும் இடர் உண்டு. பெரிய ஆணை தருவதாகக் கூறி முன்பணமோ பதிவுக் கட்டணமோ கேட்பதும், நடந்துவரும் வணிகத்தின் இடையில் புகுந்து "வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது" என எழுதுவதும் பரவலான ஏமாற்று முறைகளாகும். கணக்கு எண் மாற்றத்தை முன்பே அறிந்த தொலைபேசி எண்ணில் கேட்டு உறுதிசெய்த பின்னரே பணம் செலுத்த வேண்டும். ஏமாற்றப்பட்டவர்கள் 1930 என்ற எண்ணில் உடனே முறையிடலாம்.

இவற்றையும் பார்க்க

எரிதம்
புவிசார் குறியீடு
கோவில்பட்டிக் கடலைமிட்டாய்
கரிசல் மண்