கடல் பார்க்கக் கொழும்புக்குப் போனோம்

“கொழும்புக்கா? வேணாம் மிஸ்.”

அந்தத் தாய் முதலில் சொன்னது இதுதான். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்ட லயம் ஒன்றில் வாழ்பவர். எங்கள் மாதர் குழுவுக்குத் தவறாமல் வருபவர். எட்டு வயது மகனுக்குக் கடல் பார்க்க ஆசை. ஐந்து வயது மகளுக்குச் சிங்கம் பார்க்க ஆசை. சீட்டுக் காசு கையில் இருந்தது. தடுத்தது பயம் மட்டுமே.

காரணம் எனக்குத் தெரியும். 2008இல் அவருக்குப் பன்னிரண்டு வயது. கொழும்பில் கடை வேலை செய்த அண்ணனைப் பார்க்கத் தந்தையோடு போனார். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் தந்தையை பஸ்ஸிலிருந்து இறக்கி, மாலை வரை வைத்திருந்தார்கள். மொழி புரியாத வீதியோரத்தில் அழுதுகொண்டு நின்ற அந்தப் பிள்ளை, பிறகு கொழும்புப் பக்கம் போகவேயில்லை.

சகோதரிகளே, இது அவர் ஒருவருடைய பயமல்ல. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே அது நின்றது. யுத்தம் வடக்கு, கிழக்கில் நடந்தது என்பார்கள். வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் கொழும்புக்குப் போன மலையகத்தாரும் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடிதான் நடந்தார்கள்.

பலமுறை பேசிய பிறகு அவர் சம்மதித்தார். 2023இல் ஒரு பாடசாலை விடுமுறையில் புறப்பட்டோம். ஹட்டனுக்கு பஸ், அங்கிருந்து இரவு தபால் ரயில். அதிகாலையில் கோட்டை நிலையம். அங்கே முகம் கழுவி, கட்டிக்கொண்டு போன ரொட்டியைச் சாப்பிட்டு, தெஹிவளைக்கு ரயில் ஏறினோம். கொள்ளுப்பிட்டி வந்ததும் ஜன்னலோரம் கடல். மகன் கத்தினான்:

“அம்மா, அக்கரையக் காணோமே!”

நீர்த்தேக்கம் மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளை வேறென்ன சொல்லும்?

அன்று ஒரு வாசலில் காவலாளி பையைத் திறந்து காட்டச் சொன்னார். அந்தத் தாயோ அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். கை நடுங்கியது. காவலாளி அட்டையைப் பார்க்கவேயில்லை. சோற்றுப் பார்சலைப் பார்த்துவிட்டு உள்ளே போகச் சொன்னார்.

“ஏம்மா கை நடுங்குது?” என்றான் மகன்.

ஏதாவது சொல்லிப் பேச்சை மாற்ற நான் வாயெடுத்தேன். அவர் அதற்குள் குந்தி அமர்ந்து மகனிடம் சொன்னார்: “அம்மா சின்னப் புள்ளையா இருக்கப்போ இந்தப் பக்கம் வந்தப்ப, தாத்தாவ நிப்பாட்டி வச்சிட்டாங்க. அந்த நெனப்பு வந்திருச்சி.”

“தாத்தா திரும்பி வந்தாரா?”

“சாயங்காலம் வந்துட்டாரு.”

“அப்பச் சரி” என்று அவன் தங்கையை இழுத்துக்கொண்டு சிங்கம் பார்க்க ஓடினான்.

சமூகவியல் படித்த எனக்கு அது ஒரு பாடம். நாம் மறைக்கும் பயத்தையும் பிள்ளைகள் கண்டுகொள்கிறார்கள். காரணம் தெரியாதபோது அது அவர்களுக்குள் பெரிதாக வளர்கிறது. வயதுக்கேற்ற உண்மையைச் சுருக்கமாகச் சொல்லி, இப்போது பாதுகாப்பாக இருக்கிறோம் என்பதையும் சொன்னால் போதும்.

என் பிழையையும் சொல்கிறேன். ஒரே நாளில் நான்கு இடங்கள் என்று திட்டம் போட்டிருந்தேன். மதியத்துக்குள் சின்னவள் தோளில் தூங்கிவிட்டாள். நூதனசாலையையும் தாமரைக் கோபுரத்தையும் விட்டுவிட்டோம். சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு இடங்களே போதும். கொதித்தாறிய தண்ணீர், மாற்றுடை, வாந்தி வந்தால் பொலித்தீன் பை அவசியம். தாயின் தொலைபேசி எண்ணை எழுதி ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் வையுங்கள். தவறிவிட்டால் ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்கும்படி சொல்லிவையுங்கள்.

மாலையில் காலிமுகத்திடல். 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் அங்குள்ள நடைபாதையைக் கட்டி முடித்து, கொழும்பின் சீமாட்டிகளுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் அதைப் பேணும்படி கல்லில் பொறித்து வைத்தார். கொழுந்து பறிக்கும் பெண்களை அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். இன்று எங்கள் பிள்ளைகள் அங்கே இஸ்ஸோ வடை தின்றார்கள்.

இருட்டியதும் நகரமெங்கும் விளக்குகள். “இவ்வளவு கரண்டு எங்கேருந்தும்மா?” என்றான் மகன். நோட்டன் அணைத் தண்ணீரில்தான் 1950 முதல் பழைய லக்ஸபான மின்நிலையம் இயங்குகிறது. தாய்க்கு அது தெரியும்.

“நம்ம ஊரு தண்ணியிலயுந்தான் இது எரியுது” என்றார். அப்போது அவர் குரலில் நடுக்கம் இல்லை.

சகோதரிகளே, நாம் அழுதுகொண்டு நின்ற ஊர்களுக்கு நம் பிள்ளைகளைச் சிரித்துக்கொண்டு போக விடுவோம். முடிந்தால் கையைப் பிடித்துக்கொண்டு நாமும் போவோம்.